எந்தக் கரையில் பிடித்தது? ஆல்ஃபிரட் ரஸ்ஸல் வாலஸின் 'மலாய்த் தீவுக்கூட்டம்'

1

பள்ளியில் படிக்கும்போது குமரிக்கண்டம் பற்றிப் பேசி ஒரு பேச்சுப்போட்டியில் பரிசு வாங்கியிருக்கிறேன். எவர்சில்வர் டிபன் பாக்ஸ். கடல் கொண்ட நிலம், அதன் ஆறு, அதன் மலை என்று மூச்சு விடாமல் அடித்து விட்டேன். நடுவில் 'மேலைநாட்டு விஞ்ஞானிகளே இதை லெமூரியா என்று ஒப்புக்கொண்டிருக்கிறார்கள்' என்று ஒரு வரி. கைதட்டல் விழுந்தது அந்த வரிக்குத்தான்.

அந்த மேலைநாட்டு விஞ்ஞானி யார் என்று தேடிப் பார்க்கக் கல்லூரிக் காலம் வரை ஆகிவிட்டது. ஃபிலிப் ஸ்கிலேட்டர். ஆங்கிலேய விலங்கியலாளர். பறவைகளை வைத்து உலகத்தை ஆறு மண்டலங்களாகப் பிரித்தவர். 1864இல் மடகாஸ்கரின் பாலூட்டிகளைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். மடகாஸ்கரில் லெமூர்கள் ஏராளம். அவற்றின் சொந்தக்காரர்கள் ஆப்பிரிக்காவில் கொஞ்சம், இந்தியாவிலும் இலங்கையிலும் கொஞ்சம். நடுவில் மொத்தமும் கடல். அப்படியென்றால் முன்பு அங்கே ஒரு நிலம் இருந்து மூழ்கியிருக்க வேண்டும் என்று யூகித்தார். லெமூர் பெயரால் அதற்கு லெமூரியா என்று பெயர் வைத்தார். அவ்வளவுதான் விஷயம். அதில் தமிழனும் இல்லை, சங்கமும் இல்லை. இந்தியப் பக்கத்துச் சொந்தக்காரர் யார் என்று பார்த்தால், நம்ம தேவாங்கு. நான் கைதட்டல் வாங்கிய கண்டத்துக்கு அடியில் கண்ணை உருட்டிக்கொண்டு ஒரு தேவாங்கு உட்கார்ந்திருந்தது.

இதில் எனக்குக் கோபமோ வெட்கமோ வரவில்லை. ஆச்சரியம்தான் வந்தது. ஒரு விலங்கு எங்கே இருக்கிறது, எங்கே இல்லை என்ற கேள்வி, ஒரு கண்டத்தையே கடலிலிருந்து எழுப்பும் அளவுக்குப் பெரிய கேள்வியா? அந்தக் கேள்வியின் பின்னால் போனபோதுதான் வாலஸ் வந்தார். 1880இல் எழுதிய 'தீவு வாழ்க்கை' நூலில் அவர் லெமூரியாவை மறுக்கிறார். லெமூர் போன்றவற்றின் புதைபடிவங்கள் வடக்கே ஐரோப்பாவில்கூடக் கிடைக்கின்றன. ஒரு காலத்தில் பரவலாக வாழ்ந்த கூட்டம் நடுவில் அழிந்து ஓரங்களில் மட்டும் மிஞ்சியிருக்கலாம். அதற்காக ஒரு கண்டத்தை மூழ்கடிக்க வேண்டியதில்லை என்பது அவர் வாதம். நிலங்களே நகரக்கூடியவை என்பது அன்று இரண்டு பேருக்குமே தெரியாது. ஆனாலும் வாலஸின் நிதானம் எனக்குப் பிடித்துப்போனது. இப்படி ஒரு பார்வை ஒரு மனிதனுக்கு எங்கிருந்து வருகிறது? அதைத் தெரிந்துகொள்ளத்தான் அவருடைய பயணநூலைக் கையில் எடுத்தேன்.

2

'மலாய்த் தீவுக்கூட்டம்' 1869இல் வெளிவந்தது. 1854 முதல் 1862 வரை இன்றைய சிங்கப்பூர், மலேசியா, இந்தோனேசியா, கிழக்குத் திமோர் என்று எட்டு வருஷம் அலைந்த கதை. ஏறத்தாழ 14,000 மைல் பயணம். சேகரித்த மாதிரிகள் 1,25,660. அதில் வண்டுகள் மட்டும் 83,200, பறவைகள் 8,050. முன்னுரையிலேயே கணக்கை எழுதிவைத்துவிடுகிறார், மளிகைக்கடைச் சிட்டை மாதிரி.

இந்நூலைப் பற்றிப் பேசுகிறவர்கள் வழக்கமாக இரண்டு விதமாகப் பேசுவார்கள். ஒன்று, சாகசப் பயணநூல். ஜோசப் கான்ராட் தலைமாட்டிலேயே வைத்திருந்த புத்தகம் என்று சொல்வார்கள். இன்னொன்று, டார்வினுக்கு முந்திக்கொண்டும் டார்வினின் நிழலில் மறைந்துபோன மனிதரின் சோகக்கதை. 1858இல் காய்ச்சலில் கிடந்தபோது இயற்கைத் தேர்வு என்ற எண்ணம் வாலஸுக்கு வந்ததும், டெர்னாடேயிலிருந்து அதை டார்வினுக்கு எழுதி அனுப்பியதும், அந்த ஆண்டு ஜூலை 1 அன்று லண்டன் லின்னேயன் சங்கத்தில் இருவர் எழுத்தும் சேர்த்து வாசிக்கப்பட்டதும் பலருக்குத் தெரியும்.

வேடிக்கை என்னவென்றால், அந்தக் காய்ச்சலில் பிறந்த கட்டுரையின் கதையை வாலஸ் இந்நூலில் சொல்வதே இல்லை. நூலை டார்வினுக்குச் சமர்ப்பணம் செய்துவிட்டு, தன் வாழ்க்கையின் மிகப்பெரிய கண்டுபிடிப்பை விட்டுவிட்டுப் போகிறார். ஆக, 'ஏமாற்றப்பட்ட வாலஸ்' என்ற வாசிப்புக்குப் பிரதிக்குள் இடமே இல்லை. சாகச வாசிப்புக்கு இடம் உண்டு. ஆனால் அதற்கும் ஒரு தடங்கல் இருக்கிறது. இந்நூல் நடந்த வரிசையில் எழுதப்படவில்லை.

சாதாரணமாகப் பயணநூல் என்றால் முதல் நாள், இரண்டாம் நாள் என்று போகும். வாலஸ் அப்படிச் செய்யவில்லை. இந்தோ-மலாய்த் தீவுகள், திமோர் தொகுதி, சுலவேசி, மொலுக்காஸ், பப்புவா தொகுதி என்று மேற்கிலிருந்து கிழக்காக அடுக்குகிறார். ஒரே தீவுக்கு மூன்று முறை போயிருந்தால் மூன்றும் ஒரே இடத்தில் வரும். 1857இல் போன அரூ தீவுகள், 1858இல் போன பச்சானுக்குப் பின்னால் வரும். ஒவ்வொரு தொகுதியின் முடிவிலும் அந்தத் தொகுதியின் இயற்கை வரலாறு பற்றித் தனி அத்தியாயம். முதல்முறை வாசிக்கும்போது எனக்கு எரிச்சலாக இருந்தது. ஆள் எப்போது இளைத்தான், எப்போது காசு தீர்ந்தது, எப்போது தனிமை தாங்கமுடியாமல் போனது, எதையும் கோர்வையாகப் பிடிக்க முடியவில்லை.

இரண்டாவது முறைதான் உறைத்தது. இது அருங்காட்சியக இழுப்பறைகளின் வரிசை. தன் வாழ்க்கையின் எட்டு வருஷத்தைக் கலைத்து, இடவாரியாக அடுக்கியிருக்கிறார். இந்நூலின் கதாநாயகன் வாலஸ் இல்லை. இடம்தான். ஒவ்வொரு உயிரின் பக்கத்திலும் ஒட்டப்பட்ட ஊர் பெயர்தான்.

3

இந்த ஊர் பெயர்ப் பித்து எங்கிருந்து வந்தது என்பதற்கு நூலுக்கு வெளியே கொஞ்சம் போக வேண்டும். வாலஸ் 1823இல் வேல்ஸில் பிறந்தவர். பதினான்கு வயதில் பள்ளிப்படிப்பு முடிந்துவிட்டது. அண்ணனோடு சேர்ந்து நில அளவை வேலை. சங்கிலி பிடித்து எல்லை போடுகிற தொழில். கண் அப்படித்தான் பழகியிருக்கிறது.

1848இல் நண்பர் ஹென்றி வால்டர் பேட்ஸுடன் அமேசானுக்குப் போனார். நான்கு வருஷச் சேகரிப்போடு 1852இல் ஊர் திரும்பும்போது நடுக்கடலில் கப்பல் தீப்பிடித்தது. பத்து நாள் திறந்த படகில் கிடந்து பிழைத்தார். கூடவே கொண்டுவந்த மாதிரிகள் எல்லாம் போயின. அந்த வருஷக் கடைசியில் லண்டனில் அமேசான் குரங்குகளைப் பற்றி ஒரு கட்டுரை வாசித்தார். எல்லாவற்றையும் இழந்தவன் எழுதிய கட்டுரை மாதிரியே இருக்காது. அதில் அவருடைய புகார் ஒன்றே ஒன்றுதான். அருங்காட்சியகங்களில் ஒரு குரங்கின் லேபிளைப் பார்த்தால் 'பிரேசில்', 'பெரு', 'தென் அமெரிக்கா' என்று எழுதியிருக்கிறார்கள்; ஆற்றின் எந்தக் கரையில் பிடித்தது என்று யாருமே எழுதவில்லை. ஏனென்றால் அமேசான், ரியோ நெக்ரோ, மடெய்ரா ஆறுகள் பல குரங்கு இனங்களுக்கு எல்லையாக இருக்கின்றன. ஒரு கரையில் இருக்கும், எதிர்க்கரையில் இருக்காது.

இதைச் சொல்லிவிட்டு இன்னொன்றையும் சொல்கிறார். உள்ளூர் வேட்டைக்காரர்களுக்கு இது நன்றாகவே தெரியும். குறிப்பிட்ட விலங்கு வேண்டுமென்றால் அவர்கள் ஆற்றைக் கடந்து போவார்கள். இந்தக் கடைசித் தகவலை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் திரும்பி வருவோம்.

லேபிளில் ஊர் பெயர் எழுதுவது ஒரு பெரிய விஷயமா என்று தோன்றலாம். டார்வினையே எடுத்துக்கொள்வோம். கலாபகஸ் தீவுகளில் சின்னச் சின்னக் குருவிகளைச் சேகரித்தபோது, எது எந்தத் தீவில் கிடைத்தது என்று அவர் ஒழுங்காகக் குறித்துவைக்கவில்லை. லண்டன் திரும்பிய பிறகு, 1837இல், பறவையியலாளர் ஜான் கூல்டு அவற்றைப் பார்த்துவிட்டு அவை தனித்தனி இனங்கள் என்று சொன்னபோதுதான் தீவின் பெயர் எவ்வளவு முக்கியம் என்று தெரிந்தது. கப்பலில் கூட வந்தவர்களின் சேகரிப்பிலிருந்த குறிப்புகளைக் கேட்டு வாங்க வேண்டியிருந்தது. வாலஸுக்கு அந்தத் தவறு நடக்கவில்லை. அவர் போகும்போதே அந்தக் கேள்வியோடுதான் போனார்.

4

பாலி, லொம்பொக் அத்தியாயங்களுக்கு வருவோம். இத்தனைக்கும் அங்கே போகவேண்டும் என்று அவர் நினைக்கவே இல்லை. சிங்கப்பூரிலிருந்து மகஸ்ஸாருக்கு நேரடிக் கப்பல் கிடைக்காததால் 1856 ஜூனில் பாலி வழியாக லொம்பொக் போனார். நேர்வழி கிடைத்திருந்தால் தன் முக்கியமான கண்டுபிடிப்பு ஒன்றைத் தவறவிட்டிருப்பேன் என்று அவரே ஒப்புக்கொள்கிறார்.

பாலியில் குக்குறுவான், மரங்கொத்தி என்று ஆசியக் காட்டுப் பறவைகள். நீரிணையைக் கடந்து லொம்பொக்கில் இறங்கினால் அவற்றைக் காணோம். வெள்ளைக் காக்கட்டூ கத்துகிறது, தேனுண்ணிகள் இருக்கின்றன, மண்ணையும் சருகையும் மேடாகக் குவித்து அதற்குள் முட்டை வைத்துவிட்டுப் போகிற ஒரு பறவை இருக்கிறது. இவையெல்லாம் ஆஸ்திரேலியப் பக்கத்துக் குடும்பங்கள். நடுவில் இருப்பது பதினைந்து மைல் கடல். பறவைக்குப் பதினைந்து மைல் ஒரு தூரமா? தட்பவெப்பமும் ஒன்றுதான், மண்ணும் ஒன்றுதான். எனக்கு இந்தப் பக்கங்களில் பிடித்தது வாலஸ் குரலை உயர்த்தாததுதான். பட்டியல் போடுகிறார். இது இங்கே உண்டு, அங்கே இல்லை. அது அங்கே உண்டு, இங்கே இல்லை. பட்டியல் நீள நீள நமக்கே ஏதோ செய்கிறது.

காரணத்தைக் கடலின் ஆழத்தில் தேடுகிறார். ஜாவா, சுமத்ரா, போர்னியோவைச் சுற்றியுள்ள கடல் ஆழமில்லாதது. ஒரு காலத்தில் இவையெல்லாம் ஆசியாவோடு ஒட்டிய நிலம். நியூ கினியாவும் அரூவும் அப்படியே ஆஸ்திரேலியாவோடு ஒட்டியவை. பனியுகங்களில் கடல்மட்டம் சுமார் 120 மீட்டர் இறங்கியது என்று இன்று நமக்குத் தெரியும். பாலி ஜாவாவோடு சேர்ந்துகொண்டது. ஆனால் லொம்பொக் நீரிணை அதைவிட ஆழம். அது வற்றவே இல்லை. இன்றைய குருவி எந்தக் கிளையில் உட்கார்ந்திருக்கிறது என்பதை வைத்து, பழைய நிலம் எங்கே இருந்தது என்று படித்துவிடுகிறார் மனிதர். லெமூரியாவும் கிட்டத்தட்ட இதே யுக்திதான். என்ன வித்தியாசம் என்றால், இங்கே கடலடி ஆழம் என்ற சாட்சி கையில் இருக்கிறது.

1868இல் தாமஸ் ஹக்ஸ்லி இதற்கு 'வாலஸ் கோடு' என்று பெயர் வைத்தார். பிறகு லைடெக்கர் ஒரு கோடு போட்டார், வெபர் பெயரில் ஒரு கோடு வந்தது. சுலவேசியை எந்தப் பக்கம் சேர்ப்பது என்பது வாலஸுக்கே தீராத தலைவலி. இந்நூலிலேயே அதை ஒரு விநோதமான தீவாகத்தான் எழுதுகிறார், கடைசிக் காலத்தில் அதை மறுபக்கத்துக்கு மாற்றிவிட்டார். இன்றைக்கு நடுவிலுள்ள தீவுகளை ஒட்டுமொத்தமாக வாலஸியா என்று அழைக்கிறார்கள். அது இரண்டு பக்கமும் கலந்து தேய்ந்து வருகிற ஓர் அகலமான பகுதி. ஆனாலும் கோடு போட்டுப் பார்த்ததால்தான் அது கோடு இல்லை என்பதே தெரிந்தது. அதற்காக அவரைக் குறை சொல்ல மாட்டேன். கோட்டை மாற்றத் தயாராக இருந்தார் என்பதுதான் எனக்கு முக்கியம்.

வகைப்பாட்டிலும் அவர் அப்படித்தான். சுமத்ரா அத்தியாயத்தில் மெம்னான் என்ற பெரிய வண்ணத்துப்பூச்சி வருகிறது. ஆண் ஒரே மாதிரிதான் இருக்கும். பெண்ணில் இரண்டு வகை. ஒன்றுக்கு இறக்கையில் வால் உண்டு, இன்னொன்றுக்கு இல்லை, நிறமும் வேறு. பார்த்தால் சம்பந்தமே இல்லாத இரண்டு இனங்கள் என்று சத்தியம் செய்வோம். ஆனால் இரண்டும் ஒரே இனம், ஒரே தாயின் முட்டைகளிலிருந்து இரண்டும் வரலாம். கண்ணுக்கு வேறாகத் தெரிவது வேறு இனம் ஆகிவிடாது என்பதை வாலஸ் அவ்வளவு பொறுமையாகச் சொல்லிக் கொடுக்கிறார்.

இங்கேதான் ஒன்று நடக்கிறது. இதை விளக்க ஓர் உவமை சொல்கிறார். எங்கோ ஒரு தீவில் ஓர் ஆங்கிலேயனுக்கு இரண்டு வேறு இனங்களைச் சேர்ந்த இரண்டு மனைவிகள். பிறக்கும் பையன்கள் எல்லாம் அப்பன் மாதிரி வெள்ளையாக, பெண்கள் எல்லாம் அம்மாக்களின் நிறத்தில், கலப்பே இல்லாமல். அப்படி நினைத்துக்கொள்ளுங்கள் என்கிறார். பூச்சியிலிருந்து மனிதனுக்கு ஒரே தாவல். தாவியது அவருக்குத் தெரியவே இல்லை.

5

நூலின் கடைசி அத்தியாயம் தீவுக்கூட்டத்தின் மனித இனங்களைப் பற்றியது. பறவைகளுக்குப் போட்ட மாதிரியே மனிதர்களுக்கும் ஒரு கோடு. பறவைக் கோட்டுக்குச் சற்றுக் கிழக்கே. மேற்கே மலாயர்கள்: அடக்கமானவர்கள், உணர்ச்சியைக் காட்டாதவர்கள். கிழக்கே பப்புவர்கள்: சத்தம் போடுகிறவர்கள், சிரிக்கிறவர்கள், பொறுமை இல்லாதவர்கள். உடலமைப்பு, மயிர், மூக்கு, குணம் என்று அதே பட்டியல் பாணி. பாலி அத்தியாயத்தில் என்னை வாய்பிளக்க வைத்த அதே பாணி இங்கே கசக்கிறது.

தமிழில் இது இன்னும் மோசமாகக் குத்துகிறது. உயிரியலில் வருவதும் 'இனம்', மனிதர்களைப் பிரிக்கச் சொல்வதும் 'இனம்'. பழைய உரைநடையில் பறவைச்சாதி, விலங்குச்சாதி என்றே எழுதியிருக்கிறார்கள். சொல்லே நம்மைத் தாவ வைக்கிறது.

நான் கல்லூரி விடுதியில் சேர்ந்த முதல் வாரம், ஒரு சீனியர் அண்ணன் கேட்டார்: "தம்பி எந்த ஊரு?" சொன்னேன். "அட நம்ம பக்கம்தான். ஊருல எந்தப் பக்கம்?" கிழக்கால என்றேன். "கோயிலுக்கு இந்தப் பக்கமா, வாய்க்காலுக்கு அந்தப் பக்கமா?" அதற்கு மேல் அவருக்கு எதுவும் கேட்க வேண்டியிருக்கவில்லை. நல்லபடியாகத்தான் பேசினார், டீ கூட வாங்கிக் கொடுத்தார். ஆனால் எந்தக் கரையில் பிடித்தது என்பதைத் தெரிந்துகொண்டுவிட்டார். மனிதர்களுக்கு ஒட்டும் லேபிளில் ஊர் பெயர் என்ன வேலை செய்யும் என்று நமக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

வாலஸை இந்த இடத்தில் 'அந்தக் காலத்து வெள்ளைக்காரன், அப்படித்தான் எழுதுவான்' என்று தள்ளிவிடலாம். அது சோம்பேறித்தனம். ஏனென்றால் அதே கடைசிப் பக்கங்களில் அவர் இங்கிலாந்தைக் கிழிக்கிறார். 'காட்டுமிராண்டிகள்' என்று நாம் சொல்லும் சமூகங்களில் சமத்துவமும் அடுத்தவன் உரிமைக்கான மரியாதையும் இருக்கிறது, நம் பணக்கார நாட்டில் இல்லை என்கிறார். ஒரு தனி ஆள் நிலத்துக்கு முழு உரிமை கொண்டாடி அடுத்தவனைத் துரத்தலாம் என்ற சட்டத்தைச் சாடி ஒரு குறிப்போடு நூலை முடிக்கிறார். நிலம் அளந்து எல்லை போட்டவர் எழுதிய குறிப்பு அது. வேலிகளைப் பார்த்து வருத்தப்படத் தெரிந்தவர்தான் மனிதர்களுக்கு நடுவே வேலி வரைந்திருக்கிறார். பறவைகளைப் பார்த்தபோது சுலவேசி தொந்தரவு செய்தது, கோட்டைச் சந்தேகித்தார். மனிதர்களிடம் அவருக்குத் தொந்தரவு கொடுக்கும் சுலவேசி கிடைக்கவில்லையா? கிடைத்திருக்கும். அந்தத் தீவுகளில் நூற்றாண்டுகளாகக் கடலோடிகளும் வியாபாரிகளும் கலந்து கிடந்தார்கள், அதை அவரே வர்ணிக்கிறார். கலப்பை விதிவிலக்காக ஓரத்தில் வைத்துவிட்டார். விமர்சனமாக நான் சொல்ல வருவது இதுதான்: அவருடைய முறை தவறியதால் அந்த அத்தியாயம் தோற்கவில்லை. முறையை அவர் அங்கே கைவிட்டதால் தோற்றது.

போர்னியோ அத்தியாயத்திலும் இதன் சாயல் உண்டு. தோலுக்கும் எலும்புக்கும் ஒராங்குட்டான்களைச் சுடுகிறார். புதிதாகக் கொல்லப்பட்ட 17 உடல்களை அளந்திருக்கிறார். ஒரு தாயைச் சுட்ட பிறகு சேற்றில் அதன் குட்டி கிடைக்கிறது. ஓர் அடி நீளம்தான் இருக்கும். வீட்டுக்குத் தூக்கி வருகையில் அவர் தாடியைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. பால் கிடைக்காமல் கஞ்சித் தண்ணீர் புகட்டுகிறார். எருமைத்தோலைச் சுருட்டி ஒரு பொம்மைத் தாய் செய்து தொங்கவிடுகிறார். குட்டி பால் தேடி வாய் நிறைய மயிரை இழுத்துத் திணறுகிறது, அவிழ்த்துவிடுகிறார். மூன்று மாதம் பிள்ளை மாதிரி வளர்க்கிறார். அது செத்துப்போகிறது. அடுத்த வரியில் தோலையும் எலும்புக்கூட்டையும் பதப்படுத்தியதாகச் சொல்கிறார். பதப்படுத்தும்போதுதான், மரத்திலிருந்து விழுந்த அன்றே குட்டிக்கு ஒரு கையும் ஒரு காலும் முறிந்து பிறகு கூடியிருந்தது தெரிகிறது. அவர் ஒன்றையும் மறைக்கவில்லை. அழவும் இல்லை. மாதிரியும் குழந்தையும் ஒரே பத்தியில் கிடக்கின்றன. நேர்மையான எழுத்து என்பதா, கல்நெஞ்சம் என்பதா என்று எனக்கு இன்னும் முடிவாகவில்லை.

6

அமேசான் வேட்டைக்காரர்களுக்கு வருவோம். எந்தக் கரையில் எது இருக்கும் என்று அவர்களுக்குத்தான் முதலில் தெரியும். கட்டுரை வாலஸ் பெயரில் வந்தது. மலாய்த் தீவுகளிலும் அப்படித்தான்.

அரூ தீவில் ராஜ சொர்க்கப்பறவையைக் கையில் வாங்கியதும் அவர் எழுதும் பக்கங்கள்தான் இந்நூலின் உச்சம். தலைமுறை தலைமுறையாக இந்த அழகு யாரும் பார்க்காத காட்டில் பிறந்து செத்திருக்கிறது. நாகரிக மனிதன் வந்து சேர்ந்தால் இதை அழித்துவிடுவான். ஆகவே உயிர்கள் எல்லாம் மனிதனுக்காகப் படைக்கப்பட்டவை அல்ல என்று யோசிக்கிறார். யாரும் பார்க்காத காடா? அந்தப் பறவையைச் சுட்டுக் கொண்டுவந்தது பதேரூன் என்ற வேலைக்காரப் பையன். அரூக்காரர்களிடம் அதற்கு 'புரோங் ராஜா' என்று பெயரே இருந்தது. வாலஸ் துள்ளிக் குதித்ததைப் பார்த்து அவர்கள் சிரித்தார்கள், அவர்களுக்கு அது தினம் பார்க்கிற பறவை. இதையும் வாலஸே எழுதுகிறார் என்பதுதான் அவரிடம் எனக்குள்ள தீராத பிரியத்துக்குக் காரணம். தன் வாதத்துக்கு எதிரான சாட்சியையும் அதே இழுப்பறையில் வைத்துவிடுவார்.

அரூவின் உள்பகுதியில் வனும்பாய் என்ற இடத்தில் தங்கியிருந்தபோது ஊர்க்காரர்கள் அவரைச் சூழ்ந்துகொண்டு கேட்கிறார்கள்: உன் ஊர் பெயர் என்ன? இங்கிலாந்து என்கிறார். அந்தச் சொல் அவர்கள் வாயில் நுழையவில்லை. இப்படியெல்லாம் ஓர் ஊருக்குப் பெயர் இருக்குமா, எங்களிடம் விளையாடுகிறாய், எங்கள் ஊர் வனும்பாய், யார் வேண்டுமானாலும் சொல்லலாம், உன் ஊரின் உண்மையான பெயரைச் சொல் என்று நச்சரிக்கிறார்கள். எத்தனையோ ஆயிரம் உயிர்களுக்கு ஊர் பெயர் எழுதி ஒட்டிய மனிதரிடம் அவர்கள் கேட்டது அதே ஒரு கேள்வியைத்தான். அவரால் அவர்களுக்குப் புரிகிற மாதிரி ஒரு பதில் சொல்ல முடியவில்லை. வாலஸ் இதை நகைச்சுவையாகத்தான் எழுதியிருக்கிறார். எனக்கு இந்நூலின் மையமே இந்த இடம்தான் என்று படுகிறது.

சரவாக்கில் வேலைக்குச் சேர்ந்த அலி என்ற மலாய்ப் பையன் பெரும்பாலான பயணங்களில் வாலஸுடன் இருந்தான். சுடுவதும் தோல் உரிப்பதும் பதப்படுத்துவதும் அவனுக்கு அத்துப்படி. புதிதாக வருகிறவர்களுக்குக் கற்றுக்கொடுத்ததும் அவன்தான். 1858இல் பச்சான் தீவில் ஒரு நாள், இடுப்பில் பறவைகளைக் கட்டிக்கொண்டு வந்து ஒன்றை எடுத்து நீட்டினான். தோளிலிருந்து இரண்டு ஜோடி வெள்ளை இறகுகள் நீண்டிருந்தன. அதுவரை அறிவியலுக்குத் தெரியாத சொர்க்கப்பறவை. பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தின் ஜார்ஜ் கிரே அதற்கு வாலஸின் பெயரை வைத்தார்: செமியோப்டெரா வாலஸி. லேபிளில் தீவின் பெயர் உண்டு, வாலஸின் பெயர் உண்டு.

1862இல் சிங்கப்பூரில் இருவரும் பிரிந்தார்கள். வாலஸ் அவனுக்குப் பணமும் துப்பாக்கிகளும் கொடுத்தார், ஒரு புகைப்படமும் எடுத்தார். 1905இல் வெளிவந்த தன்வரலாற்றில்தான் அந்தப் படத்தை அச்சிட்டு, அலியைப் பற்றித் தனியாக, நன்றியோடு எழுதினார். பிறகு 1907இல் தாமஸ் பார்பர் என்ற அமெரிக்க விலங்கியலாளர் டெர்னாடேயில் மலையேறக் கிளம்பிக்கொண்டிருந்தார். வெளுத்துப்போன நீலத் தொப்பி போட்ட ஒரு கிழவர் தெருவில் அவரை வழிமறித்துத் தன்னை அறிமுகப்படுத்திக்கொண்டார். அலி வாலஸ் என்றாராம்.

தன் பெயரோடு வாலஸ் பெயரை அவரே சேர்த்துக்கொண்டார். விசுவாசமாக இருக்கலாம். அந்தப் பறவையைச் சுட்டவன் நான் என்று சொல்ல அவருக்கு இருந்த ஒரே வழியாகவும் இருக்கலாம். பார்பர் கேட்டிருந்தால் தெரிந்திருக்கும்.

நூல் இணையத்தில் குட்டன்பெர்க் தளத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. முதலிலிருந்து வாசிக்க வேண்டாம், தடுமாறுவீர்கள். அரூ அத்தியாயங்களில் தொடங்குங்கள். பிறகு பாலி, லொம்பொக். பிறகு பச்சான். வாசிக்கும்போது ஒவ்வொரு பறவைக்கும் பக்கத்தில் இரண்டு கேள்விகளைப் பென்சிலால் எழுதிக்கொண்டே போகலாம். எந்தக் கரையில் பிடித்தது? யார் பிடித்தது? முதல் கேள்விக்கு வாலஸ் ஒருமுறைகூடப் பதில் சொல்லாமல் விடுவதில்லை. இரண்டாவது கேள்விக்கும் நாம் நினைப்பதைவிட அதிகமான பதில்கள் அந்தப் பக்கங்களிலேயே இருக்கின்றன. தேடிப் படிக்க வேண்டும், அவ்வளவுதான்.